மகளின் ஏர் ரைபிளுக்குப் புதிய சைட் வாங்கித் தரலாமா?

எட்டு மாதங்களாகப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகிவரும் உங்கள் மகளின் புள்ளிகள் (60 குண்டுகளின் மொத்தம்) 590-ஐத் தாண்டவில்லை என்றும், குறிபார்க்கும் கருவியான சைட்டில் பின்பக்கத்தை மாற்றி, ஐரிஸ் (பார்க்கும் துளையைச் சுருக்கி விரிக்கும் அமைப்பு), கலர் ஃபில்டர், எடைக்கட்டிகள் எல்லாம் பொருத்தினால் ஏறுமா என்றும், டெலஸ்கோப்பு வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. இந்தப் போட்டியில் டெலஸ்கோப்புக்குச் சர்வதேச விதிகளில் இடமில்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வட்ட ரிங், இந்த இரண்டின் வழியாகத்தான் கறுப்பு வட்டத்தைப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் நினைத்திருப்பதையெல்லாம் நான் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

நான் பயிற்சியாளர் அல்லன். மாநில அளவைத் தாண்டிச் சுட்டவனும் அல்லன். பதினோரு ஆண்டுகளாக எங்கள் மாவட்டக் கிளப்பில் வாரம் நான்கு நாள் சுடுகிறேன், அவ்வளவுதான். நல்ல உபகரணம் வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடமும் நல்ல சைட் இருக்கிறது. அது இல்லாமல் இன்று சுடமாட்டேன். அதை எப்போது வாங்கினேன், எந்த வரிசையில் பொருத்தினேன் என்பதில்தான் தவறினேன்.

சுடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு அது. கிளப்பில் சராசரியாக 612 சுட்டுக்கொண்டிருந்தேன். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவழித்து, ஐரிஸும் ஃபில்டர்களும் சேர்ந்த பழைய பின் சைட் ஒன்றையும், சைட்டை உயர்த்தும் ரைசர் கட்டைகளையும், பேரலில் மாட்டும் எடைகளையும், சிறிய ரிங்குகளையும் ஒருவரிடமிருந்து மொத்தமாக வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பொருத்தினேன். பார்ப்பதற்கு உலகக் கோப்பையில் ஆடுபவர்களின் ரைபிள்போல இருந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

போட்டியன்று உபகரணச் சோதனையில் ரைபிளைத் தராசில் வைத்தார்கள். சைட் உட்பட எல்லாம் சேர்த்து 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. என்னுடையது 5.58 காட்டியது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். கையில் முதலில் அகப்பட்ட பேரல் எடைகள் இரண்டைக் கழற்றினேன், எடை சரியாகிவிட்டது. அந்த எடைகளோடுதான் மூன்று வாரம் பழகியிருக்கிறேன் என்பது சுடும் இடத்தில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. முன்பக்கம் இலேசாகி, ரைபிள் என் கையில் வேறொருவருடையதுபோல ஆடியது.

முதல் பத்துக் குண்டுகளில் 101.4 வந்தது, அது மோசமில்லை. இரண்டாம் தொடரில் குண்டுகள் இடப்பக்கம் நகர ஆரம்பித்தன. ரைபிள் இலேசானதால் நான்தான் இழுக்கிறேன் என்று எண்ணி, சைட்டை நகர்த்தும் திருகை இரண்டு கிளிக், அதாவது இரண்டு படி, வலப்பக்கம் திருப்பினேன். ஐந்து குண்டுகள் நன்றாகப் போயின, பிறகு மறுபடியும் இடம். மீண்டும் கிளிக். அடுத்தது வலப்பக்கம் 9.1. இரண்டாம் தொடர் 98.7, மூன்றாவது 96.2. 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். கிளிக் திருப்புவதிலும் எண்ணுவதிலும் சந்தேகப்படுவதிலும் நேரம் கரைந்து, கடைசிப் பதினெட்டுக் குண்டுகளைப் பன்னிரண்டே நிமிடத்தில் சுட்டேன். மொத்தம் 588 சொச்சம்.

எல்லாம் முடிந்து ரைபிளைப் பெட்டியில் வைக்கும்போது, என்ன தோன்றியதோ, பின் சைட்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை; விரலுக்கு மட்டும் தெரிகிற ஓர் அசைவு இருந்தது. ரைசர் கட்டையை ரைபிளின் மேலுள்ள ரெயிலோடு பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது. ஆலன் கீயை நுழைத்தபோது கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பி இறுகிவிட்டது. மூன்று வாரப் பயிற்சி அந்தக் கால் சுற்றில் போயிருந்தது.

அந்த அசைவு எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்குக் கணக்காகவே காட்டுகிறேன். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 70 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், பத்து மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 1.4 மி.மீ. தள்ளிப் போகும். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளிதான். தசமக் கணக்கில் நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 குறைகிறது. ஆக, கண்ணுக்கே தெரியாத அந்த அசைவு மட்டுமே, வேறெந்தத் தவறும் இல்லாத ஒரு 10.9-ஐ (ஒரு குண்டுக்கு அதுவே உச்சம்) 10.4 ஆக்கிவிடும். இதோடு என் பதற்றமும், இலேசான பேரலும், தேவையில்லாமல் திருப்பிய கிளிக்குகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

திருகு தளர்ந்தது யாருக்கும் நடக்கலாம். அத்தனை பொருள்களையும் ஒரே நாளில் மாற்றியிருந்ததால், எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லாமல் போயிற்று என்பதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது. பழைய ரைபிளாக இருந்திருந்தால், இடப்பக்கம் போகும் குண்டைப் பார்த்ததுமே, தோளா, மூச்சா, சைட்டா என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் கிளப்பில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பயிற்சி தந்துகொண்டிருந்தார். மறுவாரம் அவரிடம் ரைபிளைக் கொடுத்தேன். எதுவும் பேசாமல் எல்லாவற்றையும் கழற்றினார். நான் முன்பு வைத்திருந்த சைட்டை மாட்டி, என்னை நிற்கச் சொல்லி, ரைபிளைத் தூக்கச் சொன்னார். “தம்பி, கண்ணை மூடு. மூச்சை விடு. உடம்பைத் தளர விடு. இப்ப திற. எங்க நிக்குது?” என்று கேட்டார். ரிங் கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, வலப்பக்கத்தில் நின்றது. மூன்று ஆண்டுகளாக நான் தசையால் ரைபிளை இழுத்து இலக்குக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அந்த இழுப்பையே குறிபார்ப்பது என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு மாதம் நாங்கள் சைட்டைத் தொடவே இல்லை. தோளில் பதியும் பட் பிளேட்டை மேலும் கீழும் நகர்த்தி, அதன் நீளத்தைக் குறைத்து, தோள்குழியில் தானாகப் போய் உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்தோம். கன்னம் சாயும் சீக் பீஸைச் சரிசெய்து, கன்னத்தைச் சாய்த்ததும் கண் துளைக்கு நேராக வரும்படி வைத்தோம். அதற்குப் பிறகும் நான் கழுத்தை முன்னால் வளைத்து, புருவத்துக்கு அடியிலிருந்து பார்ப்பதைக் கவனித்துத்தான், ரைசர் கட்டையை அவரே எடுத்து மாட்டினார். தலை நிமிர்ந்து நின்றால் உடலின் சமநிலை கெடாது, கண்ணும் நேராகப் பார்க்கும். எந்தக் கட்டை என்னைக் கெடுத்ததோ அதே கட்டை, காரணம் தெரிந்து பொருத்தியபோது எனக்கு உதவியது. திருகை இறுக்கியதும் கட்டையின் மீதும் ரெயிலின் மீதும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டார். கோடு விலகினால் சைட் நகர்ந்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு செயலுக்குச் செலவு எதுவும் இல்லை, இன்றே செய்யலாம்.

ரிங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் சிக்கல் பெரும்பாலும் அங்கே இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். சிறிய ரிங் துல்லியமானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்து 3.2 மி.மீ. ரிங் போட்டிருந்தேன். இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ. விட்டமுள்ளது. கண்ணிலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. தள்ளியிருக்கும் முன் சைட்டில் அது 2.4 மி.மீ. அளவாகத் தெரியும். 3.2 ரிங்கில் சுற்றிலும் 0.4 மி.மீ. வெள்ளைதான் மிஞ்சுகிறது. யாருடைய உடம்பும் அசையாமல் நிற்காது. அந்த இயல்பான அசைவிலேயே கறுப்பு விளிம்பைத் தொட்டுத் தொட்டு மீளும். சுடுபவர் அது நிற்கட்டும் என்று காத்திருப்பார். எட்டு, பத்து விநாடிகளில் கண் சோர்ந்துவிடும், கடைசியில் வெடுக்கென்று ட்ரிகரை இழுப்பார். 3.8-க்கு மாறியபோது வெள்ளை அகலமாகி, முதல் வாரம் எனக்குக் குறியே இல்லாததுபோல இருந்தது. ஆனால் நடுவை மூளை தானாகவே பிடித்துக்கொள்கிறது. குண்டுகள் சீக்கிரம் போயின, ஒன்றாகவும் விழுந்தன. எல்லோருக்கும் 3.8 சரி என்று சொல்லவில்லை. உங்கள் மகளைக் கவனியுங்கள்: ரைபிளை நிலைநிறுத்திய பிறகு பத்து விநாடிக்கு மேல் காத்திருக்கிறாளா என்று அவளுக்குத் தெரியாமல் எண்ணிப் பாருங்கள். காத்திருந்தால், அரை மில்லிமீட்டர் பெரிய ரிங்கைக் கிளப்பில் யாரிடமாவது ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அவள் பள்ளி மாணவி, வளரும் வயது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பட் பிளேட்டின் நீளம் ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்தது என்பதற்காக இன்றும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கைகளும் கழுத்தும் வளரும்போது ரைபிளும் கூடவே மாற வேண்டும். புள்ளிகள் ஓரிடத்தில் நின்றுபோனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கண்ணாடி அணிபவளாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ரைபிளை வைத்துத் தலையைத் திருப்பும்போது, சாதாரணக் கண்ணாடியின் நடுவால் பார்க்காமல் மூக்குப் பக்கத்து ஓரத்தால்தான் பார்ப்பார்கள், அதனால் ரிங் மங்கும். அதற்கு மருந்து ஐரிஸ் அல்ல. லென்ஸைக் கண்ணுக்கு நேராக நிறுத்தும் ஷூட்டிங் ஃபிரேம்தான். ஐரிஸில் துளையைச் சுருக்கச் சுருக்க ரிங்கும் கறுப்பும் கூர்மையாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையும். குழல்விளக்குகளில் பாதி எரியாத ரேஞ்சில் பழகும் பிள்ளைக்குச் சிறிய துளையைக் கொடுப்பது கண்ணை வருத்துவதாகும். அந்த விளக்குகளை மாற்றச் சொல்லி நாங்கள் எத்தனை முறை மனுக் கொடுத்தோம் என்பதை இங்கே எழுதி உங்கள் நேரத்தைப் போக்கவில்லை.

ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். பெற்றோரின் ஆசையை வைத்துப் பழைய உபகரணங்களை விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சைட்டை விற்றவரிடமே, என் நண்பர் தம் மகனுக்கு ஒரு பழைய ரைபிள் வாங்கினார். காற்றுச் சிலிண்டரில் பொறித்திருந்த தேதியை அவர் பார்க்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. பத்தாண்டுக் காலக்கெடு முடிந்த சிலிண்டர் அது. உள்ளே 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து, பிள்ளையின் முகத்துக்கு அருகில் வைக்கும் பொருள் அது. இதைத் தெரிந்தே விற்ற ஒருவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எதை வாங்கினாலும் சிலிண்டரின் தேதியை உங்கள் கண்ணால் படித்துவிட்டு வாங்குங்கள்.

விலையுயர்ந்த சைட் இல்லாமல் பெரிய போட்டிக்குப் போக முடியுமா என்று கேட்பவர்கள், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். அபினவ் பிந்த்ராவிடம் உலகின் சிறந்த உபகரணங்கள் இருந்தன. இருந்தும், இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனைக் குண்டு நாலாம் வளையத்தில் விழுந்தது. சைட் இடம் மாறியிருந்ததை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். சில நிமிடங்களில் சைட்டைத் திரும்பக் கொண்டுவந்து, 104.5 சுட்டு, கடைசிக் குண்டில் 10.8 வைத்து, மொத்தம் 700.5-உடன் தங்கம் வென்றார். தம் சைட்டின் ஒரு கிளிக் குண்டை எங்கே கொண்டுபோகும் என்று விரல்நுனியில் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன். உங்கள் மகளிடம் இப்போதிருக்கும் சைட்டின் ஒரு கிளிக், குண்டை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பத்துக் கிளிக் வலப்பக்கம், பத்து இடப்பக்கம் திருப்பிச் சுட்டு அளந்து எழுதச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டில் பட் பிளேட் நீளம், சீக் பீஸ் உயரம், ரிங் அளவு, ஐரிஸ் துளை, ரைபிளின் மொத்த எடை ஆகிய ஐந்தையும் இன்றைய தேதியோடு குறித்துவையுங்கள். எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரமாவது சுட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதையும் தொடாதீர்கள். அவளுடைய முன் சைட்டில் இப்போது எத்தனை மி.மீ. ரிங் இருக்கிறது, கண்ணை மூடித் திறந்தால் அது இலக்கின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் கீழே எழுதினால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.