உங்கள் தம்பி நடிக்கவில்லை

கண் பரிசோதனை எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசிக்கும் தம்பி, இருட்டினால் வாசற்படியில் இடறுகிறார். 'நடிக்கிறான்' என்கிறார்கள் வீட்டில் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். விழித்திரை செல்கள் மெல்ல அழியும் மரபணு நோயான ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவில் பார்வை இப்படித்தான் போகும்.

மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் ஒரு விழித்திரையில் சுமார் 12 கோடி. மரபணுக் கோளாறால் முதலில் சாவது அவைதான். இரவுப் பார்வை போகும். பக்கப் பார்வை சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். நல்ல வெளிச்சத்தில் பார்க்க உதவும், நடுவிலுள்ள கூம்பு செல்கள் மிஞ்சியிருப்பதால்தான் எழுத்து தெரிகிறது. கொடுமை என்னவென்றால், அந்தக் கோளாறு கூம்புகளை நேரடியாகத் தாக்காவிட்டாலும், குச்சி செல்களின் துணை போனபின் அவையும் மெல்ல மடிகின்றன. இதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். எல்லோருக்கும் முழுக் குருடு வருவதில்லை.

பக்கங்களில் எதுவரை தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள். ஆர்பிஈ65 மரபணுவின் இரு பிரதிகளிலும் கோளாறு இருந்து, செல்களும் போதிய அளவு மிஞ்சியிருந்தால், அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை உதவலாம். கண்புரையோ, விழித்திரை நடுவில் நீர்க்கோப்போ சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.