ஆட்டத்தை நிறுத்திவிட்டு வானிலை வரைபடம் ஏன் காட்டுகிறார்கள்?

குடியாத்தத்திலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டாலஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஞாயிறு இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்தபோது உள்ளூர் சேனல் அதை நிறுத்திவிட்டு, டொர்னடோ (இடி மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் கடும் சுழல்காற்று) எச்சரிக்கை என்று வெகுநேரம் வானிலை வரைபடம் காட்டியதாம். "எங்கள் அபார்ட்மென்டில் ஒரு சொட்டு மழை இல்லை அண்ணா. கீழே எழுத்து ஓடவிட்டால் போதாதா? இனி ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளட்டுமா?"

தம்பி, நானும் வேலூர் சத்துவாச்சாரிக்காரன்தான். உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனாலும் அந்த மாதிரி ராத்திரிகளில் மட்டும் ஆப்புக்கு மாறாதீர்கள். நாடு முழுவதற்கும் ஒரே ஒளிபரப்பாக வரும் ஸ்ட்ரீமிங்கில் உள்ளூர் எச்சரிக்கை குறுக்கே வராமலே போகலாம். ஆட்டம் தடையில்லாமல் ஓடும். உங்கள் தெருவை நோக்கி என்ன வருகிறது என்பது தெரியாது.

நம் ஊரில் ஐபிஎல் ஆட்டம் செயற்கைக்கோள் வழியாக எல்லா ஊருக்கும் ஒன்றாகவே வருகிறது. குடியாத்தத்தில் வெள்ளம் என்றால் குடியாத்தத்துக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்த வழியில்லை. இங்கே பெரிய நெட்வொர்க்குகளின் நிகழ்ச்சிகள் அந்தந்தப் பகுதியில் உள்ள உள்ளூர் நிலையம் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. அந்த நிலையத்துக்கென்று வானிலை நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தை வெட்டுவதா, ஓரத்தில் சின்னக் கட்டமாக வைப்பதா என்பது அவர்கள் முடிவு. ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விளம்பரப் பணம் போனாலும் பரவாயில்லை என்றுதான் செய்கிறார்கள். அதனால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு.

சரி, மழையே இல்லாத உங்கள் வீட்டில் ஏன் நிறுத்த வேண்டும்? பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாணியம்பாடிக்கு ஆபத்து என்றால் அரக்கோணத்தில் இருப்பவருக்கும் ஆட்டம் நிற்கும். டாலஸ் நிலையங்கள் அதைவிடப் பெரிய பரப்புக்கு ஒளிபரப்புகின்றன. அந்த நேரத்தில் எங்கோ ஒரு கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு குடும்பம் ஓடி ஒளிந்துகொண்டிருந்திருக்கும். அவர்களுக்காகத்தான் உங்கள் ஆட்டம் நின்றது.

எழுத்து ஓடவிட்டால் ஏன் போதாது என்பதற்கு நாம் வளர்ந்த விதத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புயல் என்றால் வேலூர்க்காரர்களுக்கு வங்கக்கடலில் உருவாகி, நாள்கணக்கில் நகர்ந்து, கரையைக் கடந்து வலுவிழந்து நம்மிடம் மழையாக வருவது. 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கரையைக் கடப்பதற்கு முன்பே நமக்கெல்லாம் தெரியும். மெழுகுவர்த்தி, பால் பாக்கெட் வாங்கி வைக்க நேரம் இருந்தது. டொர்னடோ அப்படி இல்லை. எச்சரிக்கை வந்து காற்று வந்து சேர்வதற்குள் பல சமயம் பத்துப் பதினைந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இடி மேகத்துக்குள் சுழற்சி இருப்பதை ரேடாரில் பார்த்ததுமே எச்சரிக்கை விட்டுவிடுவார்கள். ஆட்டத்தில் மூழ்கியிருப்பவர் கண்ணில் கீழே ஓடும் எழுத்து படாது.

உங்கள் டாலஸிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. டாலஸ் கவ்பாய்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். டொர்னடோ எச்சரிக்கை வந்த பிறகும் ஆட்டத்தை ஒளிபரப்பிய என்.பி.சி. நெட்வொர்க்கின் உள்ளூர் நிலையம் சுமார் ஆறு நிமிடம் ஆட்டத்தையே காட்டியது. உடனே குறுக்கிடாதது தவறு என்று பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த இரவு வடக்கு டாலஸ் வழியாக ரிச்சர்ட்சன் வரை போனது இ.எஃப். 3 வகை டொர்னடோ (இந்த அளவுகோல் 0 முதல் 5 வரை போகும்). வீடுகளும் கடைகளும் நொறுங்கின. தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி பலமாகச் சிதைந்தது. ஞாயிறு இரவு என்பதால் பிள்ளைகள் இல்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரிய விஷயம். அதே வருடம் ஏப்ரலில் அட்லாண்டா உள்ளூர் நிலையத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நேரலையை டொர்னடோ எச்சரிக்கைக்காக நிறுத்திய பெண் வானிலை நிபுணருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. இத்தனைக்கும் புயலுக்குப் பயந்து அன்று அந்தப் போட்டியையே காலையில் சீக்கிரமாகத் தொடங்கியிருந்தார்கள்! விளையாடுபவர்களுக்குப் புயல் ஆபத்து என்றால், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் ஆபத்து இல்லையா?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் கவுன்டி பெயர் தெரியுமா? டாலஸா, காலினா, டென்டனா, டாரன்டா? டிவியில் கவுன்டி பெயரும் சாலை எண்ணும்தான் சொல்வார்கள், அபார்ட்மென்ட் பெயர் சொல்ல மாட்டார்கள். பக்கத்துக் கவுன்டிகளையும் ஒருமுறை வரைபடத்தில் பார்த்து வையுங்கள். 'வாட்ச்' என்றால் இன்னும் சில மணி நேரத்துக்கு வாய்ப்பு உண்டு என்று பொருள். செருப்பு அல்ல, ஷூவை அருகில் வைத்து, போனை சார்ஜ் போடுங்கள். 'வார்னிங்' என்றால் அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும். பால்கனிக்குப் போய் வீடியோ எடுக்காதீர்கள். டெக்சாஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை கிடையாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறை, குளியலறை, துணி அலமாரி அறை, இவைதான் புகலிடம். போனில் அவசர எச்சரிக்கையை யாராவது அணைத்து வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சங்கு ஊதுவது வெளியில் இருப்பவர்களுக்காக. உள்ளே தூங்குபவருக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது.

ஊரில் அம்மாவிடம் இதைப் பற்றி இப்போதே நிதானமாகச் சொல்லி வையுங்கள். அமெரிக்காவில் டொர்னடோ என்று டிவியில் வந்தால் அது உங்கள் ஊரா என்று தெரியாமல் அவர் தவித்துப்போவார்.

மூன்றாவது மாடியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே டொர்னடோ அதிகம் வருவது மார்ச் முதல் மே வரை. அதற்குள் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் யாரிடமாவது, எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு வைத்துவிடுங்கள். இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.