இரண்டு சுவர் நேர்கோடு, இரண்டு சுவர் ரம்பப்பல்: எட்ஜரின் குற்றமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. உள்ளே மரப்பலகை சீலிங், அதற்கு வெள்ளை எனாமல் அடித்திருக்கிறது. 12க்கு 10 அடி அறை ஒன்றுக்கு நாங்களே இளம்பச்சை எமல்ஷன் அடிக்கிறோம். சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் கோடு சுத்தமாக வரட்டும் என்று சிறு சக்கரம் வைத்த பெயிண்ட் எட்ஜர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். முதல் கோட் அடித்தபோது எதிரெதிரான இரண்டு சுவர்களில் அழகாக வந்தது. மற்ற இரண்டில் கோடு ரம்பப்பல் மாதிரி இருக்கிறது, நடுநடுவே பச்சை சீலிங்கிலும் ஏறிவிட்டது. கருவி மட்டமா, எங்கள் கை மட்டமா?

பதில்: ஒருமுறை அண்ணாந்து, சீலிங் பலகைகள் எந்தப் போக்கில் ஓடுகின்றன என்று பாருங்கள். நன்றாக வந்த இரண்டு சுவர்களும் பலகைக்கு இணையாக இருக்கும். அங்கே எட்ஜரின் சக்கரங்கள் ஒரே பலகையின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுவழுவென்று ஓடியிருக்கும். மற்ற இரண்டு சுவர்களில் பலகைகள் குறுக்கே வந்து முட்டும். பலகையும் பலகையும் சேரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னப் பள்ளம். சக்கரம் அந்தப் பள்ளத்துக்குள் போகும்போது, பெயிண்டைச் சுவரில் தடவும் மெத்தைப் பகுதியான பேடின் விளிம்பும் கூடவே மேலேறி சீலிங்கைத் தொடும். சக்கரம் வெளியே வரும்போது விளிம்பு தணியும். ரம்பத்தின் பற்களை அளந்து பாருங்கள், இடைவெளி பலகையின் அகலத்தை ஒட்டியே இருக்கும்.

எட்ஜருக்குக் கண் கிடையாது. தடம் எப்படியோ கோடும் அப்படியே. பூசி மட்டம் பார்த்த கான்கிரீட் தளத்தின் கீழே அது நன்றாக வேலை செய்யும். நீலகிரியின் பழைய வீடுகளில் பலகை, பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரச்சட்டம்), அலைபாயும் மண்பூச்சு என்று தடம் சுவருக்குச் சுவர் மாறும். ஆகவே இந்த அறையில் இரண்டு சுவருக்கு மட்டும் எட்ஜர் போதும். மற்ற இரண்டுக்கு வேறு வழி இருக்கிறது.

எட்ஜர் ஓடும் சுவர்களில்

புதுப் பேடில் உதிரும் இழைகள் இருக்கும். மாஸ்கிங் டேப்பை அதன்மேல் அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள், இரண்டு மூன்று தடவை. பிறகு தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். காய்ந்த பேடில் நேராகப் பெயிண்டை ஏற்றினால் முதல் இழுப்பில் திட்டுத்திட்டாக விழும்.

பேடின் விளிம்புக்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் உள்ள உறவைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் பேடைவிட ஒரு மயிரிழை வெளியே நிற்க வேண்டும், அதிகம் போனால் 1 மில்லிமீட்டர். கண்ணாடி மேஜையில் சக்கரம் படும்படி நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். பேடும் கண்ணாடியைத் தொட்டால் சீலிங்கையும் தொடும். சில எட்ஜர்களில் சக்கரத்தை ஏற்றி இறக்கத் திருகோ நெம்புகோலோ இருக்கும். அப்படி இருந்தால் பெயிண்ட் ஏற்றும்போது சக்கரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தவறுவது பெயிண்ட் ஏற்றுவதில்தான். பிரஷ்ஷை டப்பாவில் முக்குகிற பழக்கத்தில் எட்ஜரையும் முக்கிவிடுகிறார்கள். பேடின் பக்கவாட்டிலும் சக்கரத்திலும் பெயிண்ட் ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு நிதானமாக இழுத்தாலும் பயனில்லை. தட்டையான ட்ரேயில் 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஊற்றி, பேடின் முகம் மட்டும் படும்படி தொடுங்கள். இதைவிட நல்ல வழி, சின்ன ரோலரால் பேடின் முகத்தில் பெயிண்டைத் தடவுவது. பிறகு ட்ரேயின் மேட்டில் இரண்டு தடவை இழுத்து மிச்சத்தை வழித்துவிடுங்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். ரோலருக்கு டப்பாவில் சொன்னபடி கலக்கலாம். அதே தண்ணிப் பெயிண்டை எட்ஜரில் ஏற்றினால் அழுத்தும்போது விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும். எட்ஜருக்கென்று தனியாக எடுக்கும் பெயிண்டில் லிட்டருக்கு 100, 150 மில்லிக்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள். உங்கள் அறையின் சுற்றளவு 44 அடி. நாலு அங்குல அகலப் பட்டை என்றால் ஒரு கோட் அடிக்க ஏறக்குறைய 15 சதுர அடி, இரண்டு கோட் அடிக்க 30. கால் லிட்டர் போதும். கதவு, ஜன்னல் ஓரங்களுக்கும் சேர்த்து அரை லிட்டர் எடுத்து வைத்தால் தாராளம். இரண்டு டப்பா வாங்கியிருந்தால் முதலில் இரண்டையும் ஒரே வாளியில் கலந்துகொண்டு, அதிலிருந்து எடுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் ஒரு நூல் மாறலாம், ஓரத்தில் அது பளிச்சென்று தெரியும்.

இழுக்கும் விதம்: மூலையிலிருந்து அரையடி தள்ளி, சீலிங்குக்கு ஓர் அங்குலம் கீழே பேடை வைத்து, முன்னும் பின்னும் இரண்டு தேய். கொழகொழவென்று இருக்கும் முதல் பெயிண்ட் அங்கே இறங்கிவிடும். அதன்பிறகுதான் சக்கரத்தை மேலே சீலிங்கோடு சேர்த்து, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் இரண்டடி இழுக்க வேண்டும். கோட்டின்மேல் திரும்பி வராதீர்கள். முடிக்கும்போது எட்ஜரை நேராகப் பிய்த்தெடுக்காமல், முதலில் கீழே இறக்கிவிட்டுச் சுவரிலிருந்து எடுங்கள். விளிம்பில் பெயிண்ட் மணிமணியாகத் திரண்டால் பேடில் அதிகம் இருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி, ட்ரேயில் வழித்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு தடவை பெயிண்ட் ஏற்றியதும் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைப்பது கட்டாயம். நடுநடுவே சீலிங்கில் பச்சை ஏறியதாகச் சொல்கிறீர்களே, அதில் ஒரு பங்கு பள்ளத்தால் வந்திருக்கும். நீளமாக, மெல்லிய தண்டவாளம் போல ஓடும் கறை இருந்தால் அது சக்கரத்தில் ஒட்டிய பெயிண்ட்.

அறையின் உள்மூலையில் கடைசி அரை அங்குலத்துக்கு எட்ஜர் போகாது. அங்கே ஓர் அங்குலப் பிரஷ்தான். கதவு நிலை சுவரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பக்கவாட்டில் சக்கரத்தை ஓட்டலாம், சுவரோடு மட்டமாக இருந்தால் முடியாது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி எட்ஜர் ஓட்டி மல்லுக்கட்ட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு மேல் தகட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சுவரின் ஓரத்தை முடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவருக்கு ரோலர் போட்டுவிட வேண்டும். நாலு சுவரின் ஓரத்தையும் முதலில் முடித்துவிட்டு ரோலருக்கு வந்தால், காய்ந்த ஓரப்பட்டை புகைப்படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் தனியாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் குளிர் உங்கள் பக்கம். சமவெளியில் பதினைந்து நிமிடத்தில் இழுத்துக்கொள்கிற ஓரம் மலையில் இன்னும் கொஞ்சநேரம் ஈரமாக நிற்கும்.

குறுக்குப் பலகைச் சுவர்களுக்கு

நிரந்தரத் தீர்வு பீடிங். முக்கால் அங்குல மரப் பீடிங்கைச் சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் அடித்து, முன்பே வெள்ளை எனாமல் பூசி வைத்துவிட்டால், பள்ளமெல்லாம் அதன் பின்னால் மறைந்துவிடும். சக்கரத்துக்கும் ஒரு நேரான தடம் கிடைக்கும். சுவர் மிகவும் வளைந்திருந்தால் பீடிங்குக்கும் சுவருக்கும் நடுவே சந்து தெரியும். அதைப் பட்டி வைத்து அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் சுருங்கும், பட்டி ஒரே வருடத்தில் கோடு விட்டுவிடும். பெயிண்ட் ஏற்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கோன் சீலன்ட்டின்மேல் எமல்ஷன் ஒட்டாது.

பீடிங் வேண்டாம் என்றால் மாஸ்கிங் டேப். உங்கள் சீலிங் எனாமல் என்பதால் டேப் அதை உரிக்காது. சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சீலிங்காக இருந்தால் கதை வேறு, உள்ளங்கையால் தேய்த்து வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்க்காமல் டேப்பைத் தொடக்கூடாது. ஆனால் பள்ளங்களின் குறுக்கே ஒட்டும் டேப்பின் அடியில் பள்ளத்துக்குப் பள்ளம் ஓர் ஓட்டை இருக்கும், பச்சை அதன் வழியே உள்ளே போகும். ஆகவே டேப்பைச் சீலிங்கில் ஒட்டாமல் சுவரில் ஒட்டுவது மேல்.

அதாவது, சீலிங்கின் வெள்ளையைச் சுவரில் அரை அங்குலம் கீழே இறக்கிவிடுங்கள். இதற்கு வெள்ளை எமல்ஷன் போதும். ஏற்கெனவே பச்சை அடித்தாகிவிட்டதால் வெள்ளைக்கு இரண்டு கோட் தேவைப்படும். நன்றாகக் காய்ந்ததும் பள்ளங்களுக்கெல்லாம் கீழே, சீலிங்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நூல் பிடித்துப் பென்சிலால் மெல்லக் குறியுங்கள். நீலப் பொடி தோய்த்த நூல் வேண்டாம், வெளிர் நிறத்தில் நீலம் மேலே வந்து நிற்கும். டேப்பின் கீழ் விளிம்பு அந்தக் குறியில் வரும்படி ஒட்டிப் பட்டித் தகட்டால் அழுத்துங்கள். அடுத்துப் பச்சையை எடுக்காமல் அதே வெள்ளையை டேப்பின் விளிம்பில் ஒருமுறை மெல்லியதாகப் பூசுங்கள். டேப்பின் அடியில் சந்து இருந்தால் வெள்ளை போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளைமேல் வெள்ளை, யாருக்கும் தெரியாது. அது காய்ந்தபின் பச்சை இரண்டு கோட். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை அதன்மேலேயே மடக்கியபடி, சாய்வாக, மெதுவாக உரியுங்கள். காயவிட்டுவிட்டீர்களானால் விளிம்பில் பிளேடால் ஒரு கீறு போட்டுவிட்டு உரியுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டும் தோலாகக் கூடவே வரும்.

கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தக் கால் அங்குல வெள்ளை சீலிங்கின் பகுதியாகவே தெரியும். கோணலான சீலிங்கை நேராகக் காட்டவும் இதே உபாயம்தான்.

கோத்தகிரிக் குளிரில்

டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் 25, 30 டிகிரி வெப்பத்துக்கானது. எமல்ஷன் நன்றாகப் படலம் கட்டச் சுவரே 10 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. காலையில் அறை வெயிலில் சூடாகத் தெரிந்தாலும் கருங்கல் சுவர் இரவுக் குளிரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். காலை பத்துமணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடியுங்கள். நாலு மணிநேரத்தில் இரண்டாவது கோட் என்று போட்டிருந்தால், அதை மறுநாளுக்கு ஒத்திவையுங்கள். முதல் கோட் உள்ளே ஈரமாக இருக்க எட்ஜரை ஓட்டினால் பேட் அதை வழித்துக்கொண்டு வரும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உள்வேலைக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோதான காலம். மேகம் இறங்கும் மதியங்களில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று அறைக்குள் கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும், அது குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். மின்சார ஹீட்டரும் மின்விசிறியும் சரி. மூடிய அறையில் கரி அடுப்பு உயிருக்கே ஆபத்து.

சீலிங் ஓரம் அறையிலேயே குளிர்ந்த இடம், கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிப்பதும் அங்கேதான். அதன்மேல் எட்ஜர் ஓட்டினால் கோடும் தேறாது, பூஞ்சணமும் சில மாதத்தில் மேலே வந்துவிடும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால்மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆசிட்டோடோ வேறு கழிவறைத் திரவத்தோடோ சேர்க்காதீர்கள். ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று சந்தேகமிருந்தால், ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்திருந்தால் கூரை ஓடுகளையோ வெளிச்சுவரையோ முதலில் கவனிக்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுத்தாலே போதும்.

ஏற்கெனவே ஏறிய பச்சை

எனாமல் மேல் ஏறிய எமல்ஷன் முதல் ஓரிரு நாளில் சுலபமாக வரும். பட்டித் தகட்டில் ஈரத்துணியைச் சுற்றி, கறைமேல் சற்றுநேரம் அழுத்திப் பிடித்துத் துடையுங்கள். இறுகிப்போயிருந்தால் வெந்நீரும் பிளாஸ்டிக் சுரண்டியும். பள்ளத்துக்குள் போனதைக் குச்சியில் சுற்றிய துணியால் எடுக்கலாம். அப்படியும் போகாத இடத்தை மட்டும் சீலிங்கின் வெள்ளை எனாமலால் தொட்டுவிடுங்கள். உப்புத்தாளைக் காய்ந்த நிலையில் போட்டுத் தேய்க்க வேண்டாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் நீர்த்தாளை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை) நனைத்துத் தேயுங்கள், குழந்தைகள் அறையில் இருக்கக் கூடாது.

எட்ஜரை அந்த எனாமலுக்குப் பயன்படுத்தாதீர்கள். தின்னரில் கழுவினால் பேடின் நுரை கரைந்துபோகலாம். எமல்ஷன் வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவி, சக்கர அச்சில் ஒட்டியதைப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, அடுப்படிப் பக்கம் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் அடுத்த தடவை திறக்கும்போது பேடிலும் பூஞ்சணம் இருக்கும்.