இடது கை விழுந்தால் வலது மூளையா? நரம்பு மண்டலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. காலையில் எழுந்தபோது இடது கையும் காலும் வரவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் அடைத்தால் இடது பக்கம் ஏன் விழ வேண்டும்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: கை கால்களை அசைக்கும் கட்டளை பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்புகிறது. ஒரு காதிலிருந்து உச்சந்தலை வழியாக மறு காதுவரை ஒரு ரிப்பனை வைத்தால், ஏறக்குறைய அதற்குக் கீழேதான் அந்தப் பகுதி இருக்கிறது. காலுக்கான இடம் உச்சியில், மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கியிருக்கும். கைக்கும் முகத்துக்குமான இடங்கள் பக்கவாட்டில் இருக்கும். அங்கிருந்து இறங்கும் நரம்பு நார்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. முகுளம் என்பது மண்டையோடு கழுத்தைத் தொடும் இடத்தில், மூளைத்தண்டின் அடிப்பகுதி. அதனால்தான் வலது மூளையில் அடைப்பு வந்தால் இடது கை விழுகிறது.

சிறுமூளை மட்டும் இதற்கு விலக்கு. அதன் வலது பாதி கெட்டால் வலது கைதான் தடுமாறும். அந்தக் கையில் பலம் குறைந்திருக்காது. ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் குறி தவறி, பக்கத்தில் போய் முட்டும்.

சின்ன அடைப்புக்கு எப்படி ஒரு பக்கம் முழுவதும் விழுந்தது என்றும் பலர் கேட்கிறார்கள். மேற்பரப்பில் விரிந்து பரந்திருக்கும் அத்தனை நார்களும் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகலான சந்து வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் கீழே இறங்கியாக வேண்டும். அந்தச் சந்துக்கு இன்டர்னல் கேப்ஸ்யூல் என்று பெயர். அங்கே ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான சேதம் ஏற்பட்டாலே முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து விழும். அதே அளவு சேதம் மேற்பரப்பில் வந்தால் சில சமயம் விரல்கள் மட்டும் பலமிழப்பதோடு நின்றுவிடும்.

எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது நேரத்தைத்தான். குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய இரத்தக்குழாய் அடைத்திருந்தால், கம்பி போன்ற குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையை, தகுதியுள்ள நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் மூளைக்கு இழப்புதான். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், முந்தைய இரவு கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பார்த்து, இப்படிப்பட்டவர்களிலும் சிலருக்கு ஊசி போட முடிகிறது. 108-ஐ அழைத்து, 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்ற வேண்டாம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கிவிடும்.

கேள்வி: என் தங்கைக்குத் திடீரென வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பக்கவாதம் என்று பயந்துபோனோம். முகவாதம்தான் என்று மருத்துவர் சொன்னார். பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நெற்றியைப் பார்த்து. புருவத்தை உயர்த்தச் சொல்வார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியில் சுருக்கம் விழும். முகவாதத்தில் பழுது முக நரம்பிலேயே இருக்கிறது. அது காதுக்குப் பின்னால் ஓர் எலும்புக் குடைவு வழியாக வருகிறது. அங்கே வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது, நரம்பு நசுங்கும். அந்தப் பக்கம் நெற்றி சுருங்காது, கண்ணும் மூடாது. ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 3 நாட்களுக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். கண்ணைக் காப்பதும் அதே அளவு முக்கியம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும்.

இந்த நெற்றிச் சோதனையை நம்பி யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்களிலும் நெற்றி விழும். வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தீர்மானிப்பது அவர்கள் வேலை.

கேள்வி: சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். அது தண்டுவடத்தில் பட்டிருக்குமோ என்று இரண்டு வருடமாகப் பயம். முதுகுவலியும் இருக்கிறது. (வாசகி, அவிநாசி)

பதில்: ஊசி போட்ட இடத்தில் தண்டுவடமே கிடையாது. முதுகெலும்பு இடுப்புவரை நீண்டாலும், உள்ளே இருக்கும் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர்தான். பெரியவர்களுக்கு அது முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்பு வேர்கள் மட்டும் மூளைத் தண்டுவட நீரில் தொங்குகின்றன. மயக்க மருத்துவர் இரு பக்க இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பைத் தொட்டு, குறுக்கே மனதுக்குள் ஒரு கோடு போடுவார். அது நாலாவது இடுப்பு முள்ளெலும்பின் அருகே போகும். அங்கோ, அதற்கு ஓர் இடைவெளி மேலோதான் ஊசி நுழையும். வேர்கள் நீரில் மிதப்பதால் பெரும்பாலும் ஊசியின் முனைக்கு விலகிக்கொடுக்கும்.

இந்த ஊசியால் நிஜமாகவே வரக்கூடிய தொல்லை தலைவலி. அந்த நீரைச் சூழ்ந்த உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிவதால், உட்கார்ந்தால் மண்டை பிளப்பது போலவும், படுத்தால் குறைவதாகவும் இருக்கும். பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். உங்களுடைய இரண்டு வருட முதுகுவலிக்குக் கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், குனிந்தபடி பால் கொடுத்தது, தூக்கம் கெட்டது போன்ற காரணங்களே அதிகம் பொருந்துகின்றன. எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகிறது. நரம்புத் தளர்ச்சியா? (வாசகர், காரைக்குடி)

பதில்: எழுந்து சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே விரலால் தடவினால் ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிப் பெரோனியல் நரம்பு தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. அழுத்தம் நீடித்தால் அதன் வழியே செய்தி போவது தடைபடும். எழுந்ததும் எறும்பு ஊர்வது போலிருப்பது, நார்கள் மறுபடி உயிர் பெறும்போது தாறுமாறாகத் துடிப்பதால்தான். மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குப் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போவதும் உண்டு.

இரண்டு பாதங்களிலும், காலுறை போட்டது போல, எப்போதும் மதமதப்பு இருந்தால் விஷயம் வேறு. பாதத்துக்குப் போகும் நார்கள் ஒரு மீட்டருக்குக் கிட்ட நீளமுள்ளவை. நீளமான நார்தான் முதலில் வாடும். சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். பல வருடங்களாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறைவது சகஜம்.

கேள்வி: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே? (மாணவர், நெய்வேலி)

பதில்: தவறு. சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போதுகூட அதன் எந்தப் பகுதியும் முழுதாக அணைவதில்லை.

கேள்வி: வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கச் சொல்கிறார்களே? (ஆசிரியை, கள்ளக்குறிச்சி)

பதில்: இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூளை செல்கள் முறை தவறி ஒரே சமயத்தில் மின்துடிப்பை வெளியிடுவதுதான் வலிப்பு. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாக அடங்கும். அதற்குள் சாவி கைக்கு வந்துவிடுவதால் பெருமை சாவிக்குப் போகிறது. அதைவிட ஆபத்தானது பல்லுக்கிடையே கரண்டியைத் திணிப்பது. பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயை அடைக்கும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெஞ்சை நகர்த்திவிட்டு, தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, இதுதான் முதல் முறை என்றாலோ 108-ஐ அழையுங்கள். இன்னொரு ஆசிரியர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, பெற்றோரிடம் மட்டும் கொடுங்கள். எந்தப் பக்கக் கை முதலில் துடித்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வைத்தே மூளையின் எந்தப் பகுதியில் தொடங்கியிருக்கும் என்று மருத்துவரால் கணிக்க முடியும்.