ஜீன் படிப்புக்கு வீட்டை அடகு வைக்கும் முன்

பள்ளிப் படிப்பை முடிக்கப் போகும் மகளைப் பற்றி ஒரு தந்தை எழுதியிருக்கிறார். வேதியியலும் கணக்கும் அவளுக்கு நன்றாக வரும். வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவள் அவள்தான். உயிரியலில் பெயர்களை உருப்போடுவது மட்டும் ஆகவே ஆகாது. ஆனால் பெரியப்பா சொல்லிவிட்டாராம்: "இனி எல்லாம் ஜீன்தான். ஜெனிடிக் இன்ஜினியரிங்கில் போடு, பணத்தைப் பார்க்காதே." அவர் காட்டிய கல்வி நிறுவனத்தில் சேர்க்க வீட்டை அடகு வைக்க வேண்டும். தந்தைக்குத் தூக்கம் போய்விட்டது.

ஐயா, துறை நல்ல துறைதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆறுதல் இத்துடன் போதும். உங்கள் அண்ணன் பாதிதான் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மனித இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஜீனைச் செலுத்தி ஆய்வகத்தில் அதை உருவாக்கிக் காட்டியது 1978-இல். மருந்தாக அனுமதி கிடைத்தது 1982-இல். இடைப்பட்ட காலத்தில் மருத்துவப் பரிசோதனைகள் மட்டும் நடக்கவில்லை. இன்சுலினின் இரண்டு புரதச் சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாக்களில் வளர்த்து, பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, சரியாக இணைத்து, ஊசியில் ஏற்றும் தரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜீன் வேலைக்குப் பேர் கிடைத்தது. மற்ற வேலையைச் செய்தவர்களைப் பற்றி உறவினர் யாரும் பேசுவதில்லை.

இன்றைக்கு ஜீன் வரிசையைக் கணினியில் எழுதி அனுப்பினால் செய்து தர நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த ஜீனைத் தாங்கிய நுண்ணுயிரியைப் பெரிய தொட்டியில் வளர்த்து, புரதத்தைக் கெடாமல் வெளியே எடுப்பதற்கு இன்னும் ஆள்தான் வேண்டும். உங்கள் மகளுக்கு நான் சொல்வது அந்த வேலையைத்தான்: நொதித்தல், புரதச் சுத்திகரிப்பு. மருத்துவம், ஆராய்ச்சிப் பட்டம், மென்பொருள் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

குடுவையில் வளரும் பாக்டீரியாவைக் குலுக்கினாலே போதும். ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டிக்குப் போனால் கதை வேறு. 37 டிகிரியில் காற்றிலிருந்து தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம்தான். செல்கள் நெருக்கமாக வளர்ந்துவிட்டால் அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். ஆகவே காற்றை விடாமல் ஊத வேண்டும், கலக்கியின் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நுரை பொங்கும். பொங்கிய நுரை, காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்து அடைக்கும். நுரையடக்கியை ஊற்றினால் ஆக்சிஜன் கரைவது குறையும். குளுக்கோஸை அள்ளிக் கொடுத்தால் ஈ. கோலை அசிட்டேட் என்ற கழிவைக் கக்கித் தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்ளும், அதனால் அளந்து அளந்து விட வேண்டும். போதாததற்குச் சூடு வேறு: தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கொள்ளளவு ஏறும் வேகத்துக்கு அதன் மேற்பரப்பு ஏறாது, குளிர்விப்பதே பெரும்பாடு. பம்பு, வால்வு, சென்சார், அதற்குள் ஓர் உயிர். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வளர்த்த பிறகுதான் அடுத்த பாடு. அவசரமாகத் தயாரிக்கப்படும் புரதம் பல நேரம் உரிய வடிவத்துக்கு மடங்காமல் செல்லுக்குள்ளேயே கட்டியாகிவிடும். செல்லை உடைத்து, கட்டியை யூரியாவில் கரைத்து, மெல்ல மெல்ல மறுபடி சரியான வடிவத்துக்கு மடங்க வைக்க வேண்டும். அப்புறம் குரோமட்டோகிராபி, அதாவது கலவையிலிருந்து வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பது. ஈ. கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு மிச்சமிருந்தால் ஊசி போட்டவருக்குக் காய்ச்சல் வரும், அதையும் நீக்க வேண்டும். ஈஸ்ட் போன்றவை புரதத்தை வெளியே சுரந்தால் கொஞ்சம் நிம்மதி.

ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் முன்பொருளை, அதாவது பிறகு மருந்தாக மாற்றப்படும் பொருளை, ஈஸ்டில் தயாரித்தார்கள். 2006-இல் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் கிடைத்தது, 2013-இல் 25 கிராம். ஜீன் மாற்றம் பாதிக் காரணம், தொட்டியை நடத்திய விதம் மீதி. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டிருந்தால் இந்த எண் வந்திருக்காது.

இதற்கு வேதிப் பொறியியல் அல்லது உயிர்ச்செயல்முறைப் பொறியியல் படிக்கட்டும். இன்சுலின், தடுப்பூசி, சலவைத்தூள் என்சைம் என்று எங்கே போனாலும் இதே அடிப்படைதான். குறையையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவுக்கு இரவு பகல் கிடையாது, ஷிப்டு இருக்கும். ஒவ்வொரு அசைவையும் எழுதிவைக்க வேண்டும். கிருமி புகுந்தால் மொத்தத் தொகுப்பையும் கொட்ட வேண்டியதுதான்.

செலவு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. வீட்டை அடகு வைக்காதீர்கள். புதிய புரதங்களை வடிவமைக்கும் பதவிகளுக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். முதல் பட்டத்துக்கே வீடு போனால், அடுத்த படிப்பு முடியும்வரை வட்டியை யார் கட்டுவது? பெரியப்பா கட்டுவாரா என்று அவரிடமே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மகளிடம் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நொதிகலன், அதாவது நுண்ணுயிரி வளர்க்கும் தொட்டி, எத்தனை லிட்டர், மாணவர்களே ஓட்டுவார்களா, இல்லை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா, கடைசியாக எப்போது ஓடியது என்று அவளே கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.