சோதனை எலியின் கல்லீரலில் காண்பது நமக்கு எவ்வளவு பொருந்தும்?

கேட்டவர் பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிபவர். அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்பரிசோதனையில் அவருக்குக் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு படிந்திருப்பது ஸ்கேனில் தெரிய வந்திருக்கிறது. தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறும் ‘அழியா வேதிப்பொருள்கள்’ ஆய்வக எலிகளின் கல்லீரலைக் கெடுப்பதாகப் படித்துவிட்டு, அது தமக்கும் பொருந்துமா, பெல்லந்தூர் ஏரியில் பொங்கிய நுரையும் இதே பொருள்தானா என்று கேட்டிருக்கிறார். நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவமும் நோய்க்குறியியலும் படித்தவன். 14 ஆண்டுகளாகப் பெங்களூருக்குச் சற்று வெளியே உள்ள ஒரு நச்சியல் ஆய்வகத்தில், எலிகளின் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை. அன்றாடம் கையாளும் விஷயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் உடலுக்குள் புகும் வேற்றுப் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தன் நொதிகளால் நீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்றிவிடும். ஆனால் குளோரின் அணுக்கள் நெருக்கமாக அமைந்த டையாக்சின், பிசிபி போன்றவற்றையும், ஃப்ளோரின் அணுக்கள் சூழ்ந்த பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தின் பல பொருள்களையும் அந்த நொதிகளால் எளிதில் உடைக்க முடிவதில்லை. டையாக்சினை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. குப்பையை எரிப்பதிலும் சில குளோரின் சார்ந்த உற்பத்தி முறைகளிலும் அது துணை விளைவாக உண்டாகிறது. பிசிபி பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் இருந்தது. பிஎஃப்ஏஎஸ் ஒட்டாத தோசைக்கல் பூச்சுத் தயாரிப்பிலும், நீர் ஒட்டாத துணியிலும், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் பயன்பட்டது. முதல் இரண்டும் கொழுப்பில் தங்குபவை. மூன்றாவது கொழுப்பில் தங்காமல் இரத்தத்திலும் கல்லீரலிலும் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வது. குடல் உறிஞ்சுவதில் பெரும்பகுதி முதலில் கல்லீரல் வழியாகவே உடலுக்குள் செல்வதாலும், பித்தநீரோடு குடலுக்குப் போனது மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புவதாலும், இந்தப் பொருள்களின் சுமையை அந்த உறுப்பு திரும்பத் திரும்பச் சந்திக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பதைச் சொன்னால்தான் ‘கல்லீரல் பாதிப்பு’ என்ற சொல்லுக்கு எவ்வளவு விரிந்த பொருள் என்பது விளங்கும். பன்னாட்டு வழிகாட்டு நெறிகளின்படி நடக்கும் 90 நாள் சோதனையில், ஒவ்வொரு குழுவிலும் 10 ஆண் எலிகளும் 10 பெண் எலிகளும் இருக்கும். பொருளை மக்காச்சோள எண்ணெயிலோ நீரிலோ கலந்து, நாள்தோறும் ஒரு குழல் வழியாக நேரே வயிற்றில் செலுத்துவோம். ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் எண்ணெயோ நீரோ மட்டும் கிடைக்கும். இறுதி நாளில் கல்லீரலை எடுத்து எடை போட்டு, பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவிச் சாயமேற்றி என் மேசைக்கு அனுப்புவார்கள். இயல்பான எலியின் கல்லீரல் அதன் உடல் எடையில் 3 முதல் 4 விழுக்காடு இருக்கும். மேற்சொன்ன பொருள்களைப் பெற்ற எலிகளில் முதலில் தென்படுவது அந்த எடை கூடுவதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் மைய நாளத்தை ஒட்டியுள்ள செல்கள் பருத்து, அவற்றின் உட்பொருள் வெளிர்ந்து நிறைந்திருக்கும். வேலை கூடியதால் நொதிகளைப் பெருக்கிக்கொண்ட கல்லீரல் அது. பொருளைக் கொடுப்பதை நிறுத்தினால் பல நேரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதோடு கொழுப்புத் துளிகள், செல் இறப்பு, அழற்சி, கல்லீரல் செல்கள் சேதமுறும்போது இரத்தத்தில் கசியும் ஏஎல்டி நொதியின் உயர்வு ஆகியவையும் சேர்ந்து வரும்போதுதான் பாதிப்பு என்று எழுதுகிறோம். ‘எலியின் கல்லீரல் வீங்கியது’ என்ற செய்தித் தலைப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதே நேரம், வெறும் தகவமைப்புதான் என்று சொல்லிக் கடந்து போவதையும் நான் ஏற்பதில்லை, ஏனென்றால் 90 நாளில் தகவமைப்பாகத் தெரிவது இரண்டு ஆண்டுச் சோதனையில் கட்டியாக முடிந்த வரலாறு உண்டு.

அந்த வரலாற்றில் முக்கியமானது 1975-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பிசிபி ஆய்வு. அரோக்ளோர் 1260 என்ற வணிகக் கலவையைத் தீவனத்தில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவில் கலந்து, பெண் எலிகளுக்கு ஏறத்தாழ 21 மாதம் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் 184 எலிகளில் 26-க்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. ஒப்பீட்டுக் குழுவின் 173 எலிகளில் ஒன்றுக்கு மட்டுமே வந்தது. டையாக்சின்களிலேயே நச்சு மிகுந்ததான டிசிடிடி பற்றி 1978-இல் வெளியான ஆய்விலும் கட்டிகள் பெண் எலிகளின் கல்லீரலில்தான் மிகுந்திருந்தன. பின்னர், சூலகத்தை நீக்கிவிட்ட பெண் எலிகளில் கட்டிக்கு முந்தைய மாற்றங்கள் குறைவாக இருந்ததைக் கண்டபோது, பெண் ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது உறுதியானது. இந்தப் பிசிபி நமக்குத் தொலைவில் உள்ள பொருள் அன்று. பழைய மின்மாற்றிகளில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்டறியும் தேசியப் பணியில் இந்த நகரிலேயே, சதாசிவநகரில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் முக்கியப் பங்காற்றியது.

டையாக்சின் வேறொரு பாடத்தையும் கற்றுத் தந்தது. டிசிடிடி செல்லுக்குள் இருக்கும் ஏஎச் என்ற ஏற்பியை (வேதிப்பொருள் வந்து ஒட்டியதும் செயல்படத் தொடங்கும் புரதத்தை) பற்றிக்கொண்டு, ஏராளமான மரபணுக்களைத் தேவையின்றி இயக்கிவிடுகிறது. அந்த ஏற்பியே இல்லாதபடி உருவாக்கிய சுண்டெலிகளுக்கு அதே அளவு கொடுத்தபோது கல்லீரல் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. ஆனால் ஏற்பி எல்லா இனத்திலும் இருந்தும், கினிப் பன்றியைக் கொல்லும் அளவுக்கும் ஹாம்ஸ்டரைக் கொல்லும் அளவுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. இரண்டுமே கையடக்கமான கொறிணிகள்தாம். இவை இரண்டுக்கு நடுவிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ஓர் இனத்தின் எண்ணை எடுத்து மனிதனுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது என்பதை நான் தனியாக வலியுறுத்த வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஃப்ளோரின் சேர்ந்த ஒரு பொருளின் 90 நாள் சோதனையில், அதிக அளவு பெற்ற ஆண் எலிகளின் கல்லீரல் செல்கள் அனைத்தும் தெளிவாகப் பருத்திருந்தன. அதே அளவு பெற்ற பெண் எலிகளின் ஸ்லைடுகளோ ஒப்பீட்டுக் குழுவிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்தன. என்னுடன் பணிபுரிந்த இளைஞர் கூண்டு எண்கள் மாறிவிட்டனவோ என்று அஞ்சி, “சார், பெண் எலிகளுக்கு மருந்தே போகலை போல இருக்கு” என்றார். மருந்து கொடுத்த பதிவேட்டை ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தோம். எந்தத் தவறும் இல்லை. இரத்தத்தில் அந்தப் பொருளின் அளவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: பெண் எலிகள் அதைச் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேற்றிவிட்டன.

பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தில் மிகவும் ஆராயப்பட்ட பிஎஃப்ஓஏ அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆண் எலியின் சிறுநீரகத்தில், டெஸ்டோஸ்டிரோனின் தூண்டுதலால், வெளியேற வேண்டிய பொருளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்கள் மிகுதி. அதனால் உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆண் எலிக்குச் சுமார் 6 நாள் ஆகிறது. பெண் எலிக்குச் சுமார் 4 மணி நேரம் போதும். மனிதருக்கோ ஆணானாலும் பெண்ணானாலும் சில ஆண்டுகள் ஆகின்றன, 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரே அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தால், இறுதியில் உடலில் தேங்கி நிற்கும் சுமை ஒரு நாள் அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஓர் எளிய கணக்கில் அறியலாம்: பாதியாகும் காலத்தை நாளாக மாற்றி 1.44-ஆல் பெருக்கினால் போதும். பெண் எலியில் அது ஒரு நாள் அளவின் கால் பங்கு. ஆண் எலியில் சுமார் 9 மடங்கு. மனிதரில் ஏறக்குறைய 1,580 மடங்கு. எலிக்குக் கொடுத்தது எத்தனை மில்லிகிராம், நாம் குடிப்பது எத்தனை நானோகிராம் என்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்து, ‘லட்சம் மடங்கு குறைவு, பயப்பட ஒன்றுமில்லை’ என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது உள்ளே போகும் அளவை அன்று, இரத்தத்தில் தங்கியிருக்கும் அளவை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. எலியிலும் சுண்டெலியிலும் பிஎஃப்ஓஏ கல்லீரலைப் பெரிதாக்குவதற்கு முதன்மைக் காரணம், கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை இயக்கும் பிபிஏஆர் ஆல்ஃபா என்ற ஏற்பியை அது தூண்டுவது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையும் இதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. அந்த வகை மருந்துகள் எலிகளுக்குக் கல்லீரல் கட்டியை உண்டாக்குகின்றன. மனிதக் கல்லீரல் அதே தூண்டுதலுக்கு அவ்வளவு வலுவாக எதிர்வினை புரிவதில்லை. ஆகவே எலிக்குக் கட்டி வந்ததை மட்டும் வைத்து நமக்கும் கல்லீரல் கட்டி வரும் என்பது சரியான வாதம் ஆகாது. ஆனாலும் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை: அந்த ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் பிஎஃப்ஓஏ கல்லீரலைப் பெரிதாக்கியது, ஆறு மாதம் கொடுக்கப்பட்ட குரங்குகளிலும் கல்லீரல் எடை கூடியது. எலிகளில் இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இதே பொருள், மனிதரில் கொலஸ்ட்ரால் உயர்வோடு சேர்ந்தே காணப்படுகிறது. விலங்குச் சோதனை எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சுட்டிக்காட்டி, மாற்றம் எந்தத் திசையில் போகும் என்பதில் நம்மைத் திசைதிருப்பக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என் துறையில் எனக்குத் தெரியவில்லை. 2023-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் பிஎஃப்ஓஏ உள்ளிட்ட நான்கு பிஎஃப்ஏஎஸ் பொருள்களுக்குச் சேர்த்து, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 நானோகிராம் என்று வகுத்த வரம்பு, கல்லீரலை வைத்து வகுக்கப்பட்டதன்று. குழந்தைகளுக்குத் தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குறைவதை வைத்து வகுக்கப்பட்டது.

எலி மனிதனை முந்திக்கொள்ளாமல், மனிதனுக்கு வந்த நோயை எலி பின்னர் உறுதிப்படுத்திய சந்தர்ப்பமும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் துருக்கியில், பூஞ்சைக்கொல்லியாக எக்சாகுளோரோபென்சீன் பூசிய விதைக் கோதுமையைப் பஞ்சத்தில் உண்டவர்களுக்கு, கல்லீரலில் இரத்த நிறமி உருவாகும் பாதை தடைபட்டுப் போர்பிரியா என்ற நோய் வந்தது. அதே பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அந்நோய் வந்தது. அவற்றின் கல்லீரல் புறஊதா விளக்கின் கீழ் சிவந்து ஒளிர்ந்தது.

இப்போது உங்கள் ஸ்கேன் அறிக்கைக்கு வருகிறேன். உங்களுக்கு மிக நெருக்கமானது என்று நான் கருதுவது, அமெரிக்காவில் லூயிவில் பல்கலைக்கழகக் குழுவினர் 2014-இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு. சாதாரணத் தீவனம் உண்ட சுண்டெலிகளுக்கு 12 வாரச் சோதனையில் பிசிபி கொடுத்தபோது, கல்லீரலில் கொழுப்பு அழற்சி உண்டாகவில்லை. கொழுப்பு மிகுந்த தீவனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஏற்கெனவே கொழுப்பேறிய கல்லீரலில் அழற்சி மோசமானது. இந்தப் பொருள்கள் நல்ல கல்லீரலைக் கொழுப்பேற்றுவதைவிட, கொழுப்பேறிய கல்லீரலை மேலும் வாட்டுவதாகவே அங்கே தெரிகிறது. அதனால் உங்கள் கையில் இருக்கும் முதல் வேலை கொழுப்பைக் குறைப்பதுதான். உட்கார்ந்தே செய்யும் வேலை, வயிற்றுப் பருமன், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, மது ஆகியவை கல்லீரலில் கொழுப்பு படியப் பெரும்பாலும் காரணமாகின்றன. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கொழுப்பும் அழற்சியும் குறைவது மனிதரிலேயே நிறுவப்பட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு அளவுகள், ஏஎல்டி ஆகியவற்றோடு ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

பெல்லந்தூர் நுரைக்கு முதன்மைக் காரணம், சுத்திகரிக்காமல் ஏரியில் கலந்த கழிவுநீரும் அதிலுள்ள சலவைத்தூள் போன்ற பொருள்களும்தான். நுரையைக் கண்டதும் பிஎஃப்ஏஎஸ் என்று முடிவு செய்ய இடமில்லை. தொழிற்பேட்டைக்கு அருகில் வசித்து ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் நீரையோ குடிப்பவராக இருந்தால், ஆர்ஓ கருவி பிஎஃப்ஏஎஸ் பொருள்களைப் பெருமளவு நீக்கும். கரி வடிகட்டியும் ஓரளவு நீக்கும், ஆனால் அதைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். கொதிக்க வைப்பதால் இவை போவதில்லை. நீர் ஆவியாகிப் பொருள் தங்கிவிடுவதால், நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.