டேவிட் அலாபா உண்மையில் எந்த இடத்து ஆட்டக்காரர்?

கால்பந்து வீரரான இவர் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் இடது பேக் (இடப்பக்கத் தடுப்பாளர்), ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்), ஆஸ்திரியாவுக்கு நடுக்களம் என்கிறார்களே, இதில் எது சரி என்பதுதான் கேள்வி. மூன்றுமே சரிதான்!

1992இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா பிலிப்பைன்ஸ்காரர். ஆஸ்திரியா வீன் அணியின் இளையோர் பிரிவிலிருந்து 2008இல் பயர்ன் மியூனிக் போனார். 2009இல், 17 வயதிலேயே தேசிய அணியில் ஆடிவிட்டார். நடுக்களப் பையனாக வந்தவரை இடது பேக்காக நிலைநிறுத்தியவர் பயர்ன் பயிற்சியாளர் யுப் ஹைங்கெஸ். 2012 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) இறுதியில் மஞ்சள் அட்டைத் தடையால் ஆட முடியவில்லை. அடுத்த ஆண்டே கோப்பையைத் தூக்கினார். 2020இல் மறுபடி, இந்தமுறை சென்டர் பேக்காக. பயர்னில் மொத்தம் 10 பண்டெஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டம்.

2021இல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட்டுக்கு. முன்னாள் கேப்டன் ராமோஸின் 4ஆம் எண் சட்டை, முதல் எல் கிளாசிகோவிலேயே (பார்சிலோனாவுடனான ஆட்டம்) கோல். 2022 மார்ச்சில் சக வீரர் பென்சிமா மூன்று கோல் போட்டு பாரிஸ் (PSG) அணியை வீழ்த்திய இரவில், மைதான ஓரத்து வெள்ளை நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினாரே, அந்தப் படம்தான் பலருக்கு அலாபா. 2023 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆனது.

என்னைக் கேட்டால், அவருடைய சிறந்த காலம் இடது பேக்காக ஆடியதுதான்.